தொண்டும் பணியும்: தமிழ்க் காட்டுயிர் எழுத்தில் உழைப்பின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

காட்டுயிர்க் காப்பிலும் ஆய்விலும் ஈடுபட்டோரின் வாழ்வைப் பேசும் எழுத்துகளுள் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ தமிழ் வாசகர்களிடம் மிகப் பரவலாகச் சென்று சேர்ந்தது. அறம், உயிரிரக்கம், சூழலியல் ஆகிய நோக்குகளில் அது பலமுறை வாசிக்கப்பட்டுள்ளது. அக்கதையைப் பணிவாழ்வின் சித்திரமாக வாசிக்கும் இக்கட்டுரை, அதன் வலிமை பிணக்கூறாய்வு போன்ற அன்றாடத் தொழிற்செயல்களில் உள்ளதென்றும், தொழிலைத் தொண்டாக உயர்த்தும் இடங்களில் அது தளர்கிறதென்றும் வாதிடுகிறது. ஒப்பீட்டிற்கு இரா. சுகுமாரின் களநினைவுநூல், ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’, ஜெயமோகனின் ‘ஊமைச்செந்நாய்’ ஆகியவை எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காட்டுயிர், வனப்பணி, யானை டாக்டர், களஆய்வு, பதிவேடு, வேட்டைத்தடுப்புக் காவலர்

1. சிக்கல்

‘அறம்’ தொகுப்பு 2011இல் வெளிவந்தபோது அதிலிருந்த கதைகள் மெய்யான மனிதர்களின் வாழ்வைத் தழுவியவை என்ற செய்தியே அவற்றின் முதல் ஈர்ப்பாக இருந்தது. ‘யானை டாக்டர்’ கதையின் டாக்டர் கே, தமிழ்நாட்டு வனத்துறையில் பணிபுரிந்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி என்பதை வாசகர்கள் அறிந்தே வாசித்தனர். மேல்நிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்ற பின்னர் அக்கதை இலக்கிய வாசகரல்லாத மாணவரிடமும் சென்றது. இன்று தமிழகத்தில் வனப்பணி குறித்து ஓர் இளைஞரின் மனத்தில் உள்ள சித்திரம் பெரும்பாலும் இக்கதை வழங்கியதாகவே இருக்கக்கூடும்.

இதனாலேயே அச்சித்திரம் எதனால் ஆனது என்று கேட்க வேண்டியுள்ளது. வகுப்பறையில் இக்கதை ‘விலங்குகள்பால் அன்பு’ என்னும் தலைப்பின்கீழ் எளிதில் அடங்கிவிடுகிறது. அன்பு கதையில் உண்டு. ஆனால் கதைநாயகர் ஓர் அரசு ஊழியர். அவருக்குப் பணியிடமும் மேலதிகாரியும் கோப்பும் உண்டு. கதையைச் சொல்பவரும் வனத்துறை அலுவலரே. இரு அரசு ஊழியர்களைப் பற்றிய கதை அடியவர் இருவரைப் பற்றிய கதையாக நம் நினைவில் தங்கியது எப்படி?

2. வேட்டையிலிருந்து காப்பு

இத்தொழிலின் பெயரிலேயே ஒரு வரலாறு உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் காப்பாளர் காத்தது எல்லா உயிர்களையும் அன்று. ‘கேம்’ எனப்பட்ட வேட்டைக்குரிய விலங்குகளையே. நீலகிரியில் வேட்டைவிலங்குச் சங்கம் 1877இல் தோன்றியது. அதையடுத்து 1879இல் நீலகிரி வேட்டைவிலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுட்டு மகிழ்வதற்கான விலங்குகள் குறைந்துவிடாதிருக்கப் பருவங்களை வரையறுப்பதே அக்காலக் காப்பின் பொருள். அதே காட்டில் உணவுக்காக வேட்டையாடிய பழங்குடியினர் அச்சட்டத்தின் கண்ணில் திருடராயினர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காப்பின் பொருளை மாற்றி, தலைமை வன உயிரினக் காப்பாளர் என்னும் பதவியைச் சட்டநிலையில் நிறுவியது. பதவியின் பெயர் மாறியது போல் எழுத்தின் வடிவம் மாறவில்லை. ஜிம் கார்பெட்டின் குமாவுன் நூல் 1944இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய பின்னர், தடம் காணல், தொடர்தல், நேர்கொள்ளல், வீழ்த்தல் என்ற நான்கு படிகளே காட்டைப் பற்றிய உரைநடையின் இயல்பான ஓட்டமாயின. துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களும் அதே ஓட்டத்தில்தான் எழுதினர். வீழ்த்தலுக்குப் பதிலாக ஒளிப்படம் வந்தது, அவ்வளவே.

மா. கிருஷ்ணனை இங்கு விலக்காகச் சுட்ட வேண்டும். 1950 முதல் 1996இல் மறையும்வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவர் எழுதிய பத்தியில் நேர்கொள்ளல் அரிது. நின்று பார்த்தலே மிகுதி. ஆனால் அவர் வனத்துறை ஊழியரல்லர், பல்கலைக்கழக ஆய்வாளருமல்லர். பணியின் கட்டாயம் இல்லாதவரின் ஓய்ந்த பார்வை அது. நம் பொருளுக்கு அவர் ஓர் எல்லைக்கல்லாகவே நிற்கிறார்.

3. பிணக்கூறாய்வு

‘யானை டாக்டர்’ கதையில் கதைசொல்லி டாக்டர் கேயைப் பணியில் காணும் பகுதி, தமிழ்ச் சிறுகதையில் தொழில் விவரிக்கப்பட்ட இடங்களுள் மிகச் சிறந்த ஒன்று. காட்டில் அழுகிக் கிடக்கும் யானையின் உடல். அதனுள் இறங்கி வெட்டித் தேடும் முதிய மருத்துவர். நாற்றம் தாங்காமல் குமட்டும் இளம் அலுவலர். காட்டில் இறந்த யானை ஒவ்வொன்றையும் கூறாய்வு செய்தாக வேண்டும் என்று வற்புறுத்தி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவராக டாக்டர் கேயைக் கதை காட்டுகிறது. இவ்வற்புறுத்தலின் பொருளை உணர்ந்தாலொழியக் காட்சியின் எடை விளங்காது.

ஆசிய யானையில் களிற்றுக்கே தந்தம் உண்டு. ஆகவே தந்தத்திற்கான கொலை ஆண்களை மட்டும் குறைத்து, கூட்டத்தின் ஆண்–பெண் விகிதத்தையே சாய்க்கிறது. அக்கொலை வெளித்தெரிவதும் இல்லை. துளைத்த குண்டு நிணத்தினுள் புதைந்திருக்கும். அவுட்டுக்காய் கடித்துத் தாடை சிதறிய யானை பல நாள் பட்டினி கிடந்து வேறெங்கோ விழும். மின்வேலியில் மடிந்தது முதல் பார்வைக்கு நோயில் மடிந்தது போலவே கிடக்கும். ‘இயற்கை மரணம்’ என்ற இரு சொற்களை அறிக்கையில் எழுதிவிட்டால் எவருக்கும் தொல்லையில்லை; வழக்கில்லை, விசாரணையில்லை, சரக அலுவலருக்கு விளக்கக் கடிதமும் இல்லை. உடலைத் திறந்து பார்ப்பவர் துறைக்கு வேலை வைக்கிறார், சில வேளைகளில் துறையின் மீதே கேள்வி வைக்கிறார். அழுகலில் கைவிடும் துணிவைவிட அறிக்கையின் அந்த இரு சொற்களை எழுத மறுக்கும் துணிவே பெரிது. (அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் ஐயம் இருப்பின் உடலைத் திறக்கவே கூடாது என்பது கால்நடை மருத்துவத்தின் விதி. திறப்பதா வேண்டாமா என்ற முதல் முடிவிலேயே மருத்துவரின் பயிற்சி தொடங்குகிறது. கதை இதற்குள் செல்லவில்லை. செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.)

தொடர்ந்து வரும் புழுக்கள் பற்றிய பகுதி திறனாய்வாளர் பலரும் போற்றியது. அருவருப்பு அழகாகவும் குழந்தைமையாகவும் மாறும் அத்தருணம் கதைசொல்லியின் மனமாற்றத்தை முழுமையாக்குகிறது. ஆனால் கதையின் கவனம் அந்த இடத்தில் திரும்பிவிடுவதைக் காணலாம். உடலின் உள்ளிருந்து எடுக்கப்பட்டது என்ன, அது எந்தப் படிவத்தில் ஏறியது, எந்த நீதிமன்றத்தைச் சென்றடைந்தது என்ற தொடர்ச்சியைவிட, கதைசொல்லியின் அகத்தில் நிகழ்ந்தது முன்னிற்கிறது. தொழில், ஞானம் பெறுவதற்கான வாயிலாகிவிடுகிறது.

4. அடியவர் வரலாற்றின் வடிவம்

இத்திரும்பல் தற்செயலானதன்று. ‘யானை டாக்டர்’ கதையின் கட்டமைப்பு நவீனச் சிறுகதையைவிட அடியவர் வரலாற்றிற்கு நெருக்கமானது. பெரியபுராண மரபில் அடியவரின் குலமும் தொழிலும் முதலில் சொல்லப்படும், தொண்டு சொல்லப்படும், சோதனை வரும், இறுதியில் இறைவன் வெளிப்பட்டு அத்தொண்டைச் சான்றுப்படுத்துவான். இக்கதையில் டாக்டர் கேவுக்குப் பத்ம விருது பெற்றுத் தரக் கதைசொல்லி மேற்கொள்ளும் முயற்சியும் அதன் தோல்வியும் சோதனையின் இடத்தில் நிற்கின்றன. காலில் கண்ணாடி ஏறிய யானைக்கன்று மருத்துவரைத் தேடி வருவதும், அதனுடன் வந்த கூட்டம் துதிக்கை உயர்த்தி வணங்குவதும் இறைவெளிப்பாட்டின் இடத்தில் நிற்கின்றன. அரசு தராத விருதைக் காடு தருகிறது.

அம்முடிவு நம்பத்தக்கதா என்ற கேள்வி அவ்வப்போது எழுப்பப்படுகிறது. யானையின் நினைவாற்றலைக் கொண்டு அதற்கு விடை கூறுவோரும் உளர். அக்கேள்வி இலக்கியத்திற்கு அவ்வளவு முதன்மையானதன்று என்றே கருதுகிறேன். முதன்மையானது வேறு: இவ்வடிவம் எதை உள்ளே அனுமதிக்கும், எதை அனுமதிக்காது என்பது. அடியவர் வரலாற்றில் தொண்டுக்குக் கூலி இல்லை, ஓய்வூதியம் இல்லை, தொண்டருக்கு உதவியாளர் இருந்தால் அவர் பெயர் வேண்டுவதில்லை. ‘பணி’ என்னும் சொல்லில் வணங்குதலும் வேலையும் ஒருங்கே பொதிந்துள்ளன. கதை முதற்பொருளைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை நழுவவிடுகிறது. யானையைக் கட்டி நிறுத்திய பாகர், மருந்தூட்டிய காவடி, அழுகிய உடல் கிடக்கும் இடத்தைக் கண்டு வந்து சொன்ன காவலர் ஆகியோர் கதையின் ஓரத்தில் நடமாடுகின்றனர்; ஞானம் பெறும் உரிமை அலுவலருக்கே கிடைக்கிறது.

மெய்யான கிருஷ்ணமூர்த்தியின் பணியில் இவ்வடிவத்திற்குள் அடங்காத ஒரு பகுதி உண்டு. 1997இல் ‘ஸூ பயாலஜி’ ஆய்விதழில் தென்னிந்திய முகாம் யானைகளின் மக்கள்தொகையியல் குறித்து வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர் நால்வருள் அவர் ஒருவர்; முதலாசிரியர் இரா. சுகுமார். மரம் இழுக்க யானைகளை வைத்திருந்த வன முகாம்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேணப்பட்ட பதிவேடுகளே அக்கட்டுரையின் மூலத்தரவு. பிறப்பு, பிடிபட்ட நாள், ஈற்று, இறப்பு என வரிவரியாக எழுதப்பட்டவை அவை. எழுதியவர்கள் அறிவியல் செய்கிறோம் என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை. மேலதிகாரி கேட்டால் காட்ட வேண்டும் என்பதற்காகவே எழுதியிருப்பர். நூறாண்டு கழித்து அதே வரிகள், யானை எந்த அகவையில் ஈனத் தொடங்குகிறது, எந்த அகவையில் எத்தனை விழுக்காடு மடிகிறது என்பவற்றைக் கணிக்கப் பயன்பட்டன. துதிக்கை வணக்கத்தைவிட இந்த உண்மை எனக்கு வியப்பளிக்கிறது. புனைவில் இதைக் கொண்டுவர இயலாதா? இயலும், அதற்கு அடியவர் வரலாற்றைவிடப் பொறுமையான வேறொரு வடிவம் தேவைப்படும்.

5. எண்ணுபவரின் இரவு

அப்பொறுமை எப்படிப்பட்டது என்பதைக் காட்டும் நூல் ஆங்கிலத்தில் உள்ளது. சென்னையில் பிறந்த சுகுமார், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மாதவ் காட்கிலின் வழிகாட்டுதலில் யானைகளை ஆய்ந்தவர். சாமராஜநகர், சத்தியமங்கலம் வனக்கோட்டங்கள் 1980களின் தொடக்கத்தில் அவருடைய களமாயிருந்தன. அக்களப்பணியிலிருந்து இருவகை நூல்கள் பிறந்தன: 1989இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஆசிய யானை குறித்த ஆய்வுநூல் ஒன்று, 1994இல் வந்த ‘எலிஃபன்ட் டேஸ் அண்ட் நைட்ஸ்’ என்னும் நினைவுநூல் மற்றொன்று.

களஆய்வாளரின் நாளில் பெரும்பகுதி நிகழ்ச்சியற்றது. காது மடிப்பு, வால் மயிர், தந்தத்தின் வளைவு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு யானையையும் தனித்தறிய வேண்டும். உயரத்தைக் கொண்டு அகவையை மதிப்பிட வேண்டும். முன்காலின் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் கிடைக்கும் என்பது ஆய்வாளருக்கு முன்பே பாகர் அறிந்திருந்த கணக்கு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் உழவர் பரணில் விழித்திருக்கும் இரவுகளில் ஆய்வாளரும் விழித்திருந்து, விடிந்ததும் மிதிபட்ட பயிரை அளந்து குறிக்க வேண்டும். இவ்வாறு பல பருவங்கள் குறித்த பின்னரே ஓர் எண் கிடைக்கிறது: வளர்ந்த களிறு ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் விளைநிலம் புகுகிறது; பிடியும் கன்றும் கூடிய குடும்பக்கூட்டம் 8 இரவுகளே புகுகிறது. இனப்பெருக்கப் போட்டியில் உடல்வலிமை வேண்டும் களிறு, சத்துள்ள பயிருக்காக உயிராபத்தை ஏற்கிறது என்பது சுகுமார் தந்த விளக்கம்.

இந்த எண்ணுக்குப் பின்னாலுள்ள இரவுகளை நினைவுநூல் வழங்குகிறது. ஆய்வுநூலால் வழங்க இயலாது. ஆய்வுநூலின் செயப்பாட்டுவினையில் யானைகள் ‘காணப்பட்டன’, பயிர்கள் ‘அளக்கப்பட்டன’. கண்டவரும் அளந்தவரும் நன்றியுரைக்குப் போய்விடுகின்றனர். நினைவுநூலில் அவர்கள் மாந்தராகத் திரும்பி வருகின்றனர். ஆனால் அங்கும் ஒரு வரையறை உண்டு. உதவியாளரான பழங்குடியினர் ஆய்வாளரைக் காப்பாற்றுகிறார், தடம் காட்டுகிறார், நகைக்க வைக்கிறார்; அவர் அக்காட்டைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பது அவ்வகை நூல்களின் வினாவாக இருப்பதில்லை. இது ஒரு நூலின் குறையன்று. ஷாலர் கான்ஹாவில் 1960களில் நிகழ்த்திய ஆய்வுக்குப் பின் உலகெங்கும் நிலைபெற்ற எழுத்துவகையின் இயல்பு இது.

6. ஒரே காடு

சுகுமாரின் களமாயிருந்த சத்தியமங்கலம் மலைத்தொடரே ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலின் நிலமும் ஆகும். 2004இல் வெளிவந்த இந்நாவல், வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது இரு மாநில அதிரடிப்படையினர் சோளகர் மீது நிகழ்த்திய வதைகளின் ஆவணமாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. முற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேன், கிழங்கு, சீர்காடு, கொத்தல்லியின் சொல் என்று நகரும் அப்பகுதியில் காக்கிச் சட்டை முதலில் வருவது அதிரடிப்படையாக அன்று, வனத்துறையாகவே. நேற்றுவரை புழங்கிய இடத்தில் இன்று நுழைவது குற்றமாவதை, நிலம் கைநழுவுவதை, நாவல் ஆரவாரமின்றிச் சொல்கிறது.

‘யானை டாக்டர்’ கதையையும் இந்நாவலையும் ஒரே பருவத்தில் பாடம் நடத்துவோர் மாணவரிடம் ஒரு குழப்பத்தைக் காணக்கூடும். ஒன்றில் வனத்துறைச் சீருடை தவத்தின் ஆடை. மற்றொன்றில் அது அச்சத்தின் ஆடை. எது உண்மை என்று மாணவர் கேட்டால், இரண்டும் என்று கூறி நகர்வது எளிது. ஆனால் அது விடையாகாது. முதலாவதில் சீருடையின் எதிரே நிற்பது விலங்கு. இரண்டாவதில் அதன் எதிரே நிற்பது அதே காட்டில் வாழும் மனிதர். விலங்கின்முன் அலுவலர் அதிகாரமற்றவராகத் தாழ்ந்து நிற்க இயலும். அவ்விடத்தில் அடியவர் வரலாறு இயல்பாகக் கூடிவருகிறது. மனிதர்முன் நிற்கும்போது அவர் கையில் சட்டம் இருக்கிறது. ‘யானை டாக்டர்’ குப்பி எறியும் சுற்றுலாப் பயணியரைக் கடுமையாகச் சாடுகிறது. அச்சினம் நியாயமானதே. எனினும் நகரத்திலிருந்து வந்து செல்பவரைக் காட்டின் எதிரியாக்கியதால், காட்டில் வாழ்பவருக்கும் துறைக்கும் இடையிலுள்ள கடினமான வழக்கைத் தொடாமலே கதை முடிந்துவிடுகிறது.

7. பேசாதவர்

துறையின் படிநிலையில் அடியில் இருப்பவர் வேட்டைத்தடுப்புக் காவலர். வனக்காவலர், வனக்காப்பாளர், வனவர், வனச்சரக அலுவலர் என்று மேலேறும் வரிசைக்குள் அவர் முறையாக இடம்பெறுவதில்லை. பலர் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள், அவர்களுள் கணிசமானோர் பழங்குடியினர். 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நாடெங்கும் நிகழும் புலிக் கணக்கெடுப்பில் தடம் பார்த்து, எச்சம் பார்த்து, நடந்து, படிவம் நிரப்பும் கால்கள் பெரும்பாலும் இவர்களுடையவும் வனக்காப்பாளர்களுடையவுமே. பகலில் தீத்தடுப்புக் கோடு வெட்டி, இரவில் ஊருக்குள் புகுந்த யானையை விரட்டி, மறுநாள் அதே யானையின் கூட்டத்தை எண்ணச் செல்பவரிடம் காட்டுயிரியலாளர் என்றும் காப்பாளர் என்றும் இரு தொழில் பிரிந்திருப்பதில்லை. கோழிகமுத்தி முகாமின் மலசர் பாகர்களுக்கும் தெப்பக்காட்டின் குறும்பர், காட்டுநாயக்கர் பாகர்களுக்கும் இதுவே பொருந்தும். 2023இல் ஆஸ்கர் பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் தெப்பக்காட்டு இணையரை உலகுக்குக் காட்டியது. அங்கும் முன்னிற்பது பாசமே. பாசம் பொய்யன்று. ஆனால் கன்றை வளர்ப்பது அவர்களுடைய பணியும்கூட என்பதைப் பார்வையாளர் எளிதில் மறந்துவிடுகிறார்.

இவ்விடத்தில் ஜெயமோகனின் ‘ஊமைச்செந்நாய்’ அவருடைய புகழ்பெற்ற கதையையே எதிர்த்துப் பேசுகிறது. இது ‘யானை டாக்டர்’ கதைக்கு முந்தியது; வெள்ளைக்காரத் துரையின் யானை வேட்டைக்குத் துணைசெல்லும் வேலையாள் தன்மையில் சொல்வது. தடம் அறிபவன் அவன். காற்றின் திசை அறிபவன் அவன். குண்டும் கொம்பும் துரைக்கு. பிறர் ஊமை என்று அழைப்பவனே கதை முழுவதையும் பேசுகிறான் என்பதில் கதையின் முரண் அமைந்துள்ளது. இங்கு அடியவர் இல்லை, அருள் இல்லை, இறுதியில் வணக்கமும் இல்லை. ஆகவே உழைப்பு மறையாமல் தெரிகிறது: எங்கே படுப்பது, எதைச் சுமப்பது, எப்போது பேசாதிருப்பது என ஒவ்வொன்றும். காட்டறிவு ஒருவனிடமும் அதன் உடைமை வேறொருவனிடமும் இருக்கும் ஏற்பாட்டைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன புனைவு வேறு நினைவுக்கு வரவில்லை.

இக்கதை காலனிய வேட்டைக்காலத்தில் வைக்கப்பட்டிருப்பதால், அந்த ஏற்பாடு முடிந்துபோனது என்ற ஆறுதலும் வாசகருக்குக் கிடைத்துவிடுகிறது. துரையின் இடத்தில் சரக அலுவலரையோ முனைவர்பட்ட ஆய்வாளரையோ வைத்து, அவருக்கு நல்லெண்ணமும் கொடுத்து, அதே உதவியாளரைப் பேசவைக்கும் கதையை எழுதுவது கடினம். வெறுக்கத்தக்க எதிர்மாந்தர் அதில் கிடைக்க மாட்டார். ‘ஊமைச்செந்நாய்’ முடிவில் அவன் அந்தரத்தில் தொங்கும்போது துரை கைகொடுக்கிறான்; அவன் அந்தக் கையை விட்டுவிடுகிறான். கொடுக்கும் கை கனிவானதாக இருந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்ற வினாவை ‘யானை டாக்டர்’ எழுப்பியிருக்கலாம்; அதற்கான மாந்தர் அனைவரும் டாப்ஸ்லிப்பில் இருந்தனர்.